காயம்பட்ட நாயும் கடிபட்ட கையும்



செம்பனைக் காட்டில் வேலை செய்யும் ஒருவர் அண்மையில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கடித்தது அவரே வளர்த்த நாய். ஆறு வருஷமாக அவர் பின்னாலேயே காட்டுக்குப் போய்வரும் நாய். அதன் காலைக் கண்ணாடி வெட்டிவிட்டது. இவர் மண்ணெண்ணெயை ஊற்றியிருக்கிறார். "சோறு போட்ட கையையே கடிச்சிருச்சே, ஐயா!" என்று வருந்தினார்.

நாய்மேல் குற்றமில்லை. வலி வந்தால் எந்த நல்ல நாயும் கடிக்கும். ஆகவே சிறு காயங்களுக்கு வீட்டில் செய்யவேண்டியதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பழைய கைலித் துணியை நீளமாகக் கிழித்து, நாயின் வாயைச் சுற்றிக் கட்டி, இரு நுனிகளையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய்க் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக்கூடாது. வேலை முடிந்ததும் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

2. இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்.

3. கொதித்து ஆறிய இரண்டு கப் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, புண்ணில் உள்ள மண் போகும்வரை ஊற்றிக் கழுவுங்கள். மேலாகக் குத்திய செம்பனை முள்ளைப் பிடுங்கலாம். ஆழமாக இறங்கிய முள்ளைத் தோண்டவேண்டாம்.

4. காலில் கட்டுப் போட்டால் இறுக்காமல் போட்டுத் தினமும் மாற்றுங்கள். விரல் வீங்கினால் உடனே தளர்த்துங்கள். நம்ம ஊர் வெக்கையில் திறந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். தினமும் பாருங்கள்.

மண்ணெண்ணெய், கறுப்பு எண்ணெய், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். நாய் புண்ணை நக்கும். போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நமக்குத் தலைவலிக்குப் போடும் பெனடால் நாய்க்கு விஷம். பரிதாபப்பட்டு அரை மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

பத்து நிமிடத்தில் இரத்தம் நிற்காவிட்டாலும், நெஞ்சிலோ வயிற்றிலோ காயமென்றாலும், புழு வைத்துவிட்டாலும், காட்டுப்பன்றி குத்தினாலும், வேறு நாய் கடித்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடிக்காயம் வெளியே சிறு ஓட்டையாகத் தெரியும். உள்ளே ஆழமாக இருக்கும்.

கடைசியாக, உங்களைக் கடித்துவிட்டால்? சொந்த நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள். வெறிநாய் நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. சரவாக்கில் சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். அந்த நோயின் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. அதற்கு முன்னால் ஊசி போட்டால் காப்பாற்றிவிடலாம்.

நான் சொன்ன தோழர் கழுவாமல் மறுநாள்தான் வந்தார். கை வீங்கி, ஒரு வாரச் சம்பளம் போயிற்று. உங்களுக்கு அப்படி ஆகவேண்டாம்.