கல்லில் மலர்ந்த பூக்கள்

இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பெயின்ஸ்விக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித மரியன்னை ஆலயம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. ஒழுங்காகக் கத்தரித்த யூ மரங்களினிடையே அமைந்த அதன் கல்லறைத் தோட்டம் பெரும்புகழ் பெற்றது.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் கம்பளித் துணித் தொழிலால் இவ்வூர் செழித்தது. பொருள் சேர்த்த வணிகர்கள் தம் குடும்பத்தாருக்கு எழில்மிகு கல்லறைகளை எழுப்பினர். சில மேசை வடிவின. சில உயரமான தேயிலைப் பெட்டி போன்றவை. அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் புதிதாக வெட்டியெடுக்கும்போது உளிக்கு இணங்கும். நாளடைவில் காற்றுப் பட்டு இறுகும். எனவே மலர்ச்சரங்களும் சிப்பிகளும் சம்மனசுகளின் முகங்களும் அதில் நயமாக அமைந்தன.

இவற்றுள் பல, பிரையன் குடும்பத்துக் கற்சிற்பிகளின் கைவண்ணம் என்பர். அக்குடும்பத்து ஜான் பிரையன் 1787இல் மறைந்தார். அவருடைய கல்லறை எப்படிப்பட்டது தெரியுமா? சரமில்லை, சிப்பியில்லை, பிரமிடு வடிவில் ஒரு கற்குவை, அவ்வளவே!

மழையும் பாசியும் இன்று வணிகர்களின் கல்லறைகளை மெல்ல அரித்து வருகின்றன. அவர்களது செல்வத்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அந்தப் பூக்களைச் செதுக்கிய கைகளையே வியக்கின்றோம். தோழியரே, நம் கைகளும் பிறருக்காகப் பூக்களை மலரச் செய்யட்டும்!