ஜிஎஸ்டி பதிவில் ஆவணம் ஏறவில்லையா?

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது தடுமாறும் இடம் ஒன்று உண்டு. படிவம் முழுவதும் நிரப்பியாகிவிடும். போட்டோவோ கரண்ட் பில்லோ மட்டும் ஏறாது. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வரும். 'சர்வர் டவுன்' என்று எழுந்துவிடுவோம். நாங்கள் உதவிய வரையில், பெரும்பாலும் சர்வர் மேல் குற்றமில்லை. நாம் கொடுத்த ஃபைல்தான் காரணம்.

திண்டிவனத்தில் செருப்புக் கடை தொடங்கிய ஒரு சகோதரர், நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு 16-ஆம் நாள் எங்களிடம் வந்தார். தற்காலிக எண் (டிஆர்என்) கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். அது கடந்துவிட்டதால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடை வாடகையோ ஓடிக்கொண்டிருந்தது. கோளாறு இவ்வளவுதான்: அவர் போட்டோ 3 எம்பி. தளம் ஏற்பது ஜேபெக் வடிவில் 100 கேபி வரைதான்.

போனில் எடுக்கும் படம் பெரிதாகத்தான் இருக்கும். முகம் மட்டும் தெரியும்படி வெட்டி, அளவைக் குறைத்தால் ஏறிவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீர்கள். பல போன்களில் அது பிஎன்ஜி வடிவில் பதியும். ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபெக் என்று மாற்றி எழுதினாலும் வடிவம் மாறாது. ஐபோனில் எடுத்த படமும் வேறு வடிவில் இருக்கலாம். மாற்றித்தான் போட வேண்டும்.

மற்ற ஆவணங்களுக்கு பிடிஎஃப் அல்லது ஜேபெக். அளவு ஆவணத்துக்கு ஆவணம் மாறும். பதிவேற்றும் பொத்தானின் அருகிலேயே எழுதியிருக்கும். கலரில் ஸ்கேன் செய்யாமல் கறுப்பு வெள்ளையில் 150 டிபிஐ வைத்தால் ஃபைல் வெகுவாகச் சுருங்கும். ஆனால் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். ஃபைல் பெயரைத் தமிழிலோ குறியீடுகளோடோ வைக்காமல் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வையுங்கள். ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொண்டே உட்காருங்கள். இடையில் தேடப் போனால் தளம் உங்களை வெளியேற்றிவிடும்.

ஃபைல் ஏறிய பிறகும் இரண்டு விஷயம் இடிக்கும். ஒன்று பெயர். முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். பான் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. விண்ணப்பத்தில் பான் கார்டில் உள்ளபடியே எழுத வேண்டும். இரண்டு கார்டிலும் வேறாக இருந்தால் முதலில் திருத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்று கரண்ட் பில். கடை வேறொருவர் பெயரில் இருந்தால் அவரது ஒப்புதல் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். அத்தா மவுத்தாகிப் பல வருடம் ஆகியும் பில் அவர் பெயரிலேயே வரும் வீடுகள் நம்மிடம் ஏராளம். ஒப்புதல் வாங்கும்போது அண்ணன் தம்பியோடு நிறுத்திக்கொள்கிறோம். அக்கா தங்கைகளுக்கும் அதில் பங்கு உண்டு, அவர்களிடமும் கேளுங்கள்.

விண்ணப்பித்த பின் ஆவணம் தெளிவில்லை என்று அதிகாரி கேட்டால் ரெக்-03 என்ற நோட்டீஸ் வரும். 7 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆகவே ஏஜெண்டின் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்காமல் உங்களுடையதையே கொடுங்கள். பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது.