உங்களுக்குத் தெரியுமா? போன மாதம் எத்தனை பேருக்கு வேலை போனது?

● "அமெரிக்காவில் ஒரே மாதத்தில் ஒன்றரை லட்சம் பேர் வேலையிழப்பு!" 2025 நவம்பர் முதல் வாரத்தில் இந்தத் தலைப்பு உலகைச் சுற்றி வந்தது. எண்ணும் கச்சிதமாகவே இருந்தது: 1,53,074. சேலஞ்சர், கிரே அண்ட் கிறிஸ்மஸ் என்ற நிறுவனம் தந்த அக்டோபர் கணக்கு அது. ஆனால் அவர்கள் எண்ணியது வேலை போனவர்களை அல்ல, நிறுவனங்கள் வெளியிட்ட ஆட்குறைப்பு அறிவிப்புகளை. அறிவிப்பு இன்றைக்கு வரும், ஆள் ஆறு மாதம் கழித்துப் போவார். சில நேரம் போகாமலே தப்பித்தும் விடுவார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கூரியர் நிறுவனமான யு.பி.எஸ். அந்த அக்டோபர் கடைசியில் 48,000 வேலைகளைக் குறைத்ததாகச் சொன்னது. அது அந்த ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. அமேசான் சொன்ன 14,000 அலுவலக வேலைகளோ உலகெங்கும் உள்ள கிளைகளைச் சேர்த்தது. ஆக, "அக்டோபரில் போன வேலை" என்ற மூட்டைக்குள் முன்பே போனது, இனிப் போகப்போவது, வெளிநாட்டில் போவது எல்லாம் கலந்து கிடக்கலாம். (இந்தக் கணக்கைத் தருகிற சேலஞ்சர் நிறுவனத்தின் தொழில், வேலை இழந்தவர்களுக்கு மறுவேலை தேட வழிகாட்டுவது. தப்பில்லை, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.)

● செலவுக்கு நிதி ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க அரசு அப்போது 43 நாள் முடங்கிக் கிடந்தது. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் மாத அறிக்கை வரவில்லை. களத்தில் இருந்தவை தனியார் கணக்குகள்தான். ஏ.டி.பி. என்ற நிறுவனம் சொன்னது: அக்டோபரில் 42,000 வேலை கூடியது. ரெவேலியோ லேப்ஸ் என்ற தரவு நிறுவனம் சொன்னது: 9,100 வேலை குறைந்தது. யார் பொய்?

யாருமே இல்லை. ஏ.டி.பி. எண்ணுவது தனியார் துறையை மட்டும். ரெவேலியோ அரசு ஊழியர்களையும் சேர்த்துக்கொள்கிறது, அந்த மாதம் அடி விழுந்ததும் அங்கேதான். டிசம்பர் 16-ல் அரசுக் கணக்கு ஒருவழியாக வந்தபோது மொத்தத்தில் 1,05,000 வேலை குறைந்திருந்தது. மத்திய அரசில் மட்டும் 1,62,000 குறைவு. தனியாரிலோ 52,000 கூடுதல்! ஏ.டி.பி.யின் 42,000-க்கு அது பக்கத்துவீடு.

● அந்த மத்திய அரசு ஊழியர்கள் அக்டோபரிலா வேலையை விட்டார்கள்? இல்லை. பலர் ஆண்டுத் தொடக்கத்திலேயே விருப்ப விலகல் திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். செப்டம்பர் 30 வரை சம்பளம் வந்துகொண்டிருந்தது. சம்பளம் வரும்வரை ஒருவர் "வேலையில்" இருக்கிறார் என்பதுதான் கணக்கு. நிறுவனம் சீட்டைக் கிழித்த தேதி வேறு, புள்ளிவிவரத்தில் பெயர் விழும் தேதி வேறு.

● ஏ.டி.பி. என்ன, ஆராய்ச்சி நிறுவனமா? சம்பளம் போட்டுத் தருகிற கம்பெனி! 1949-ல் நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஹென்றி டாப் என்பவர் தொடங்கியது. இப்போது 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தனியார் ஊழியர்களின் சம்பளப் பதிவுகள் அதன் கையில். அரசு, நிறுவனங்களுக்குக் கேள்விப் படிவம் அனுப்பி மாதிரிக் கணக்கு எடுக்கிறது. ஏ.டி.பி.க்குக் கேட்கவே வேண்டாம், பட்டுவாடா செய்வதே அதுதானே. ஆனால் அதனிடம் வராத முதலாளிகள் எப்படி என்பதை அதுவும் ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

● ஊகம் எப்படிக் காலை வாரும் என்பதற்கு 2020 மே மாதத்தை விஞ்ச ஆளில்லை. கொரோனா ஊரடங்கின் உச்சத்துக்கு அடுத்த மாதம். ஜூன் 3-ம் தேதி ஏ.டி.பி. சொன்னது: மே மாதத்தில் சுமார் 27.6 லட்சம் வேலை போனது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 5-ம் தேதி, அரசு சொன்னது: 25 லட்சம் வேலை கூடியது. அளவு கிட்டத்தட்ட அதே, திசை மட்டும் தலைகீழ். அடுத்த மாதம் ஏ.டி.பி. தன் மே எண்ணைத் திருத்தியது: 30.65 லட்சம் கூடுதல்! பிறகு 2022-ல் சில காலம் அறிக்கையையே நிறுத்திவைத்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் பொருளாதார ஆய்வகத்துடன் சேர்ந்து முறையை மாற்றி அமைத்தது. அதற்கு முன்புவரை அந்த அறிக்கை அரசு என்ன எண் சொல்லும் என்று முன்கூட்டியே கணிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. இப்போது தன் கணக்கைத் தனியாகச் சொல்கிறது.

● இதைப் படித்துவிட்டு "தனியார் கணக்கு என்றாலே டுபாக்கூர்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2025 ஜூன் மாதத்துக்கு ஏ.டி.பி. 33,000 வேலை குறைந்தது என்றது. மறுநாளே அரசு, 1,47,000 கூடியது என்று அறிவித்தது. ஏ.டி.பி.யைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆகஸ்ட் 1-ல் அந்த 1,47,000 வெறும் 14,000 ஆனது. செப்டம்பரில் இன்னொரு திருத்தம்: 13,000 குறைவு. கேலி செய்தவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ!

● அந்த ஆகஸ்ட் 1-ம் தேதியே புள்ளிவிவரத் துறையின் ஆணையர் எரிகா மெக்கென்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவியிலிருந்து நீக்கினார். மே, ஜூன் இரண்டும் சேர்ந்து 2,58,000 வேலை குறைத்துத் திருத்தப்பட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் திருத்தம் மோசடி இல்லை. தாமதமாகப் பதில் அனுப்பும் நிறுவனங்களின் விவரம் வந்து சேரச் சேர எண் மாறும். முதல் எண்ணை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

● வேலைநிறுத்தம் செய்தாலும் "வேலை போனவர்" ஆகலாம். சம்பளக் காலம் முழுக்கச் சம்பளம் வாங்காத ஆளை அரசின் நிறுவனக் கணக்கு எண்ணாது. 2024 அக்டோபரில் போயிங் தொழிலாளர்கள் சுமார் 33,000 பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், புயல்களும் சேர்ந்துகொண்டன. மொத்த வேலைவளர்ச்சி 12,000 என்றுதான் முதலில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஏ.டி.பி. சொன்ன எண் 2,33,000.

● அந்த அரசுக் கணக்கெடுப்பின் நாள், மாதத்தின் 12-ம் தேதி. அந்தத் தேதி அடங்கும் சம்பளக் காலத்தில் ஒருநாள் சம்பளம் வாங்கியிருந்தாலும் வேலையில் இருப்பவர். 20-ம் தேதி வெளியே அனுப்பப்பட்டவர் அந்த மாதக் கணக்கில் பெரும்பாலும் சிக்கமாட்டார்.

● ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்காவில் சுமார் 25 லட்சம் வேலை காணாமல் போகும்! கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு எடுத்த தற்காலிக ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் பருவகாலத் திருத்தம் என்று ஒன்று. 2024 ஜனவரியில் திருத்தம் செய்யாத எண் இப்படிக் குப்புற விழுந்தபோது, திருத்திய எண் 3,53,000 கூடியதாக அறிவிக்கப்பட்டது. ஒருவர் முதலாவதை எடுத்துக்கொண்டு கத்தலாம், இன்னொருவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு கொண்டாடலாம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

● சாதாரண மாதத்திலேயே அங்கே சுமார் 17 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்படுகிறார்கள். வேலைக்குச் சேர்பவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தலைப்பில் வரும் எண் பெரும்பாலும் வந்தவருக்கும் போனவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

● நம் ஊரில்? வருங்கால வைப்புநிதிச் சந்தாதாரர் எண்ணிக்கை மாதாமாதம் வெளிவருகிறது. ஆனால் 19 பேர் வேலை செய்த பட்டறை இருபதாவது ஆளை எடுத்ததும் சட்டத்துக்குள் வந்துவிடும். கூடியது ஒரு வேலை, பட்டியலில் ஏறியது இருபது பெயர்.

● மாதாந்திர வேலையின்மை விகிதத்தை இந்திய அரசு வெளியிடத் தொடங்கியதே 2025 மே மாதத்தில்தான். அதுவரை மாதக் கணக்கென்றால் பெரிதும் கைகொடுத்தது சி.எம்.ஐ.இ. என்ற மும்பைத் தனியார் நிறுவனம். அதுவும் அரசும் கேட்கும் கேள்வியே வேறு. கடந்த 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே அரசின் மாதக் கணக்கில் வேலையில் இருப்பவர். சி.எம்.ஐ.இ. பார்ப்பது கேட்கும் நாளின் நிலையை. 2020 ஏப்ரலில் 12.2 கோடிப் பேர் வேலையிழந்ததாகச் சொன்னது அதுதான். அதில் சுமார் 9 கோடி சிறு வியாபாரிகளும் கூலித் தொழிலாளிகளும். ஊரடங்கு தளர்ந்ததும் இவர்களில் பெரும்பாலோர் தெருவுக்கும் வேலைத்தளத்துக்கும் திரும்பிவிட்டார்கள். திரும்பாதவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்: ஏப்ரல் முதல் ஜூலைக்குள் 1.89 கோடி பேர்.