வைத்தியத்தின் நான்காம் உறுப்பு

நோய் தீர்வதற்கு வைத்தியரும் மருந்துமே போதும் என்று எண்ணுவோர் பலர். திருவள்ளுவரோ, மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்வோன் என நான்கினையும் ஒருங்கு வைத்து எண்ணினார். இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. முதல் மூன்றினைப் பற்றியும் நாம் ஓயாது பேசுகின்றோம். நான்காமவரை நினைப்பார் அரியர். அவருக்கும் கல்வி இன்றியமையாதது என்பதே ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது.

கொங்கு நாட்டில் இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. கோயமுத்தூர் நகரில் 1952-ஆம் ஆண்டில் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனையும், 1966-ஆம் ஆண்டில் அரசினர் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. பின்னரும் பெரிய மருத்துவ நிலையங்கள் பல எழுந்தன. பொள்ளாச்சி, உடுமலை, அவினாசி, சத்தியமங்கலம் முதலிய ஊர்களினின்று நோயாளர் இவற்றை நாடி வருகின்றனர். ஆயினும் பக்கவாதமுற்ற ஒருவர் மருத்துவமனையிற் கழிப்பன சில நாட்களே. எஞ்சிய மாதங்கள் வீட்டிற் கழிய வேண்டியவை. நம் குடியானவரோ தத்தம் தோட்டங்களிலேயே வீடு கட்டித் தனித்து வாழும் வழக்கம் மிகுந்தவர். மக்கள் வேலை நிமித்தம் வெளியூர்கட்கும் அயல் நாடுகட்கும் சென்றுவிட, தோட்டத்து வீட்டில் முதியோர் இருவர் மட்டுமே எஞ்சி நிற்றல் கண்கூடு. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேர் 60 வயது நிரம்பியவர். 2031-இல் அவர் தொகை நூற்றுக்கு 18 ஆகும் என்பது அரசினர் மதிப்பீடு.

'பெற்றோரிடத்து அன்புடையார்க்குப் பயிற்சியும் வேண்டுமோ?' என்று சிலர் வினவலாம். அன்பு வேண்டும்; ஆனால் அன்பு மட்டும் போதாது. படுக்கையிற் கிடப்பவரைச் சுமார் இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றிக் கிடத்தாவிடில், இடுப்பின் பின்புறம், குதிகால் முதலிய எலும்பு துருத்திய இடங்களிற் புண் உண்டாகும். அதன் முதற்குறி, விரலால் அழுத்தினும் மறையாத சிவப்பு. கருநிற மேனியில் அச்சிவப்பு எளிதிற் புலப்படாதாகலின், அவ்விடத்துச் சூட்டையும் கடினத்தையும் தொட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கன்றிய இடத்தில் எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பது அன்பின் செயலாகத் தோன்றலாம். அதனால் உட்டசை மேலும் கெடுமேயன்றிக் குணமுண்டாகாது. படுத்தவாறே கஞ்சி புகட்டுவதும் இத்தகையதே. அக்கஞ்சி மூச்சுக் குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுத்தல் கூடும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு கவளமாக ஊட்டி, உண்ட பின்னரும் அரைமணி நேரம் அவ்வாறே இருத்துதல் முறை.

பயிற்சி பெறுவோர் கற்பவை இன்னும் பல. ஒரு பக்கம் செயலற்றவர்க்குச் சட்டை அணிவிக்கும்போது செயலற்ற கையை முதலில் நுழைத்தல் வேண்டும். களையும்போது நல்ல கையை முதலில் விடுவித்தல் வேண்டும். கட்டிலினின்று நாற்காலிக்கு மாற்றுங்கால், நாற்காலியை அவருடைய வலிமையுள்ள பக்கத்தில் இடுதல் வேண்டும். சிறுநீர்ப் பையை எப்பொழுதும் இடுப்பினும் தாழ்வாகத் தொங்கவிடல் வேண்டும். உடம்பைத் துடைக்கும்போது, துடைக்கும் உறுப்பொழிய ஏனையவற்றைப் போர்த்தி வைத்தல் வேண்டும். நோயாளியின் மானத்தைக் காப்பதும் பணிவிடையின் பகுதியன்றோ? நாடித் துடிப்பு, உடற்சூடு, உண்ட அளவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைப்பாராயின், வைத்தியருக்கு அக்குறிப்பே கண்ணாகும்.

செய்யத்தகாதன இவையென அறிதலும் இக்கல்வியின் பாற்பட்டது. மருந்தின் அளவைத் தாமே கூட்டுதலும் குறைத்தலும் பணிவிடையாளர்க்கு உரியன அல்ல. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய இவற்றுள் ஒன்று திடீரெனக் காணினும், கைவைத்தியம் பார்த்து நிற்காமல், குறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். மூளைக் குழாயில் உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துவதே பெரும்பான்மை வழக்காதலின், ஒவ்வொரு நிமிடமும் விலையுடையது.

இவ்வெண்ணம் பழையதே. 1859-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியாரின் இறுதிக் காலத்தில் வீட்டில் வந்து பணிவிடை செய்த செவிலியரையே பின்னர் ஏழையரின் இல்லங்கட்கு அனுப்பினார். அத்தகையோரைப் பழக்க 1862-இல் ஒரு பள்ளியும் அந்நகரில் எழுந்தது. நமக்கு அண்மையில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டு தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தின் வழியே அயலகத்தாரும் பயிற்சி பெற்று நோயாளரின் வீடுகட்குச் செல்லலாயினர். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. மாதர் தன்னார்வலரும் செவிலியரும் இயன்முறை வைத்தியரும் அதன்கண் வீடு தேடிச் சென்றனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், கொரோனாப் பெருந்தொற்றினிடையே மத்திய அரசினர் வகுத்த அறுவகைக் குறுகிய காலப் பயிற்சிகளுள் வீட்டுப் பராமரிப்பும் ஒன்றாக இடம் பெற்றது.

பயிற்சி உளதாயினும் மதிப்பு இன்றேல் அது நிலைபெறாது. மலம் துடைக்கும் கையைத் தாழ்ந்த கையென்று கருதி, அவ்வேலையைக் கூலி குறைந்த ஏழைப் பெண்டிர் தலையில் ஏற்றி, உண்ணும் கலத்தையும் வேறாக வைக்கும் இல்லங்கள் இன்றும் உள. கற்ற கைக்குக் கற்றோர்க்குரிய ஊதியமும், ஓய்வு நாளும், மரியாதையும் அளித்தல் கடன். அங்ஙனம் அளிப்பின், நம் ஊரில் படித்து வேலை தேடும் இளைஞரும் யுவதியரும் இத்தொழிலை நாணமின்றி மேற்கொள்வர்.

மாணவ நண்பர்களே! நீவிர் வைத்தியராகலாம், பொறியாளராகலாம், வணிகராகலாம். எத்தொழிலினராயினும் ஒருநாள் நும் பெற்றோரின் கட்டிலருகே நிற்க நேரும். விடுமுறை நாட்களிற் சிலவற்றையேனும் இக்கலையின் முதற்பாடங்களைக் கற்பதற்கு ஒதுக்குவீராக. நும் இல்லத்துக்குப் பணிவிடைக்கு வருவோரையும் அக்கலை வல்லாராக மதித்துப் போற்றுவீராக.