ஓவியர்களை மெழுகு காய்ச்ச வைத்த பிரின்சிபால்: ஆர்ட் மாணவருக்கு இன்னொரு கலை எதற்கு?

பெயின்டிங் படிக்கும் மாணவர் செராமிக்ஸ் பிரிவு வாசலில் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, ‘உனக்கு இங்க என்ன வேலை?’ வீட்டில் அதே கேள்வி வேறு மாதிரி வரும்: ‘ஒழுங்கா வரையக் கத்துக்கவே நாலு வருஷம் பத்தாது, இதுல மண்ணு வேறயா?’

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பி.எஃப்.ஏ. என்பது நான்கு வருடம். கையில் இருக்கும் நேரமும் காசும் கொஞ்சம். அதில் பாதியை இன்னொரு கலைக்குக் கொடுத்தால் கடைசியில் எதுவுமே உருப்படியாக வராமல் போய்விடுமா?

இந்த விஷயத்தைப் பேசும்போது எல்லோரும் ஸ்டீவ் ஜாப்ஸ் காலிகிராஃபி கற்றுக்கொண்ட கதையைச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னை ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கம் வரை போனால் போதும்.

படம் விற்காது, பாத்திக் விற்கும்

சென்னை பெரியமேட்டில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. தொடக்கத்திலிருந்தே அங்கே படம் வரைவதோடு கைத்தொழிலும் இருந்தது. 1957-ல் அதன் பொறுப்புக்கு வந்தவர் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர்.

அவர் கண் முன்னால் இருந்த பிரச்னை எளிமையானது. நல்ல ஓவியர்கள் படித்து முடித்து வெளியே வருகிறார்கள். படம் வாங்க ஆள் இல்லை. சம்பளத்துக்கு ஏதோ ஒரு வேலைக்குப் போகிறார்கள். சில வருடங்களில் தூரிகையை மறந்துவிடுகிறார்கள்.

பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி கைவினை. பாத்திக் துணி, உலோக வேலை, தோல், மரம் என்று வீட்டில் மாட்டவும் உடுத்தவும் முடிகிற பொருட்களைச் செய்து விற்பது. நாளின் ஒரு பகுதி அதற்கு, மீதி நேரம் சொந்த ஓவியத்துக்கு. பாத்திக் நன்றாகவே விற்றது. அப்படிச் சேர்ந்த காசில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது. அப்போது அது ஊருக்கு வெளியே இருந்த வெறும் மணல். இன்றைய ஈ.சி.ஆர். ரியல் எஸ்டேட் விலை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும்!

மெழுகு என்ன கற்றுக்கொடுக்கும்?

காசு கதையின் ஒரு பாதிதான். கைக்கும் மூளைக்கும் என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் சுவாரஸ்யம்.

பாத்திக் எப்படிச் செய்வது? துணியில் சாயம் ஏறக் கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூச வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு பூசிய இடம் அப்படியே நிற்கும், மற்ற இடத்தில் நிறம் ஏறும். காய்ந்ததும் இந்த முதல் நிறம் எங்கெல்லாம் தங்க வேண்டுமோ அங்கெல்லாம் மறுபடி மெழுகு, மறுபடி சாயம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்ந்த நிறத்தில் முடியும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள்.

எண்ணெய் வண்ணத்தில் பழகிய ஓவியருக்கு இது தலைகீழ் வேலை. கேன்வாஸில் தப்பு வந்தால் மேலே இன்னொரு பூச்சு அடித்துச் சரிபண்ணலாம். வெள்ளையைக் கடைசியில்கூட வைக்கலாம். பாத்திக்கில் வெள்ளை எங்கே என்பதை முதல் நிமிடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். ஒருமுறை சாயம் ஏறினால் ஏறியதுதான், அன்டூ பட்டன் கிடையாது.

இன்னொன்று, விரிசல். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பாரஃபின் உடையும். பாரஃபின் அதிகமானால் மெழுகில் மெல்லிய விரிசல்கள் விழுந்து, அதற்குள் சாயம் புகுந்து நரம்பு மாதிரி கோடுகள் வரும். ஓரளவுக்கு மேல் அதைக் கட்டுப்படுத்த முடியாது. எல்லாக் கோட்டையும் தானே போட்டுப் பழகியவர், தான் போடாத கோட்டை ஏற்றுக்கொள்ளக் கற்கும் இடம் இது. ஃபைன் ஆர்ட்ஸ் சிலபஸில் இதற்குத் தனிப் பாடம் இருக்காது.

கோடு கட்டமாக மாறும்போது

கே.எம்.ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்தவை. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி படங்கள் பெரும் பெயர் வாங்கின. அவர் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நெசவு டிசைனை கிராஃப் தாளில் போட வேண்டும். ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடு நூலும் சந்திக்கும் ஓர் இடம். அங்கே வளைவு என்று ஒன்று கிடையாது. வளைவு மாதிரி தெரியும் படிக்கட்டுதான் உண்டு. மொபைல் ஸ்கிரீனில் பிக்ஸலைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இதே ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கும் பத்திரிகைகளுக்கும் தமிழ் எழுத்துகளை வரைந்தார். அச்சு எழுத்தாக இல்லாமல், தூரிகை ஓடிய வேகம் தெரிகிற எழுத்து. நெசவுதான் அவர் கோட்டை உருவாக்கியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் கோடு என்பது தாளில் மட்டும் இருப்பதல்ல என்று தெரிந்த கை அது.

துறை தாண்டியவர்கள் லிஸ்ட் சின்னதல்ல

பணிக்கருக்கு முன் கல்லூரியை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியர், சிற்பி. மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். புல்லாங்குழல் வாசிப்பார், மல்யுத்தம் தெரியும், வங்க மொழியில் சிறுகதை எழுதினார். பணிக்கரின் மகன் எஸ்.நந்தகோபால் முதலில் படித்தது இயற்பியல், பிறகு பெயின்டிங், பெயர் வாங்கியதோ உலோகச் சிற்பத்தில். சோழமண்டலத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விஸ்வநாதன் பாரிஸில் குடியேறி, ஐம்பூதங்களை வைத்துப் படம் எடுத்தார். நடிகர் சிவகுமார் இதே கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டுத்தான் 1965-ல் ‘காக்கும் கரங்கள்’ படத்தில் முகம் காட்டினார்.

கலை இயக்குநர் பி.கிருஷ்ணமூர்த்தியும் அங்கே படித்தவர்தான். ‘ஒரு வடக்கன் வீரகாதா’ மலையாளப் படத்துக்காக கலை இயக்கம், உடை வடிவமைப்பு இரண்டுக்கும் தேசிய விருது வாங்கினார். சுவரும் துணியும் ஒரே கண்ணால் பார்க்கப்பட்டால் ஃபிரேம் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

அப்போ எல்லாத்தையும் கத்துக்கணுமா?

வேண்டாம். ஜெயித்தவர்கள் பெயரை மட்டும் அடுக்கினால் கணக்கு தப்பாகிவிடும். சோழமண்டல மாடலிலும் ஓர் ஆபத்து இருந்தது. விற்கிற பொருளுக்கு ஆர்டர் வந்துகொண்டே இருந்தால், விற்காத ஓவியத்துக்கு யார் உட்காருவார்கள்? அதனால்தான் கைவினைக்கு இவ்வளவு நேரம், ஓவியத்துக்கு இவ்வளவு நேரம் என்ற பிரிப்பு அங்கே முக்கியமாக இருந்தது. இன்று இன்ஸ்டாகிராமில் போர்ட்ரெய்ட் கமிஷன் எடுக்கும் மாணவர்களுக்கும் லோகோ செய்து செமஸ்டர் ஃபீஸ் கட்டுபவர்களுக்கும் இருப்பது அதே சிக்கல்தான்.

ரெஸ்யூமேவில் எட்டு சாஃப்ட்வேர் பெயர் சேர்ப்பதும் இதில் வராது. ஒரே மாதிரி மூன்று ஆப் தெரிந்திருப்பது மூன்று திறமை ஆகாது. தேர்ந்தெடுக்கும் இரண்டாவது கலை, முதல் கலையில் கைக்கு வந்துவிட்ட பழக்கத்தை மறுக்க வேண்டும். டேப்லெட்டிலேயே வரைபவருக்குச் செதுக்கி அச்செடுக்கும் பிரின்ட்மேக்கிங் அப்படி மறுக்கும். தட்டையான தாளில் பழகியவருக்குக் களிமண். தனியாகவே வேலை பார்ப்பவருக்கு நாடக மேடை. ஒரே நேரத்தில் ஒன்று போதும். ஒரு செமஸ்டர், வாரத்துக்கு ஒரு மதியம். அது முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

செலவும் பலரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. சென்னைக் கல்லூரியில் பெயின்டிங், சிற்பம், பிரின்ட்மேக்கிங், டெக்ஸ்டைல், செராமிக்ஸ், விஷுவல் கம்யூனிகேஷன் எல்லாமே ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன. அடுத்த பிரிவின் ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும், சில நாள் வெறுமனே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். சூளை எந்த நாளில் மூட்டுவார்கள் என்பதை மட்டும் அங்கே வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. களிமண் எவ்வளவு காய்ந்தால் வெடிக்காது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.