எல்லை கடக்கும் பொருள்கள்

செங்கோட்டையினின்று மலைகளினூடே புனலூர் செல்லும் இருப்புப்பாதையைத் தென்காசி, குற்றாலப் பகுதி மக்கள் நன்கறிவர். 1904-ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பெற்ற அது, 2018-ஆம் ஆண்டில்தான் முழுவதும் அகலப்பாதையாயிற்று. மீட்டர் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையிலோ 1,676. ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே, இரு பாதைகள் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். அல்லது சரக்கைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு, அதற்குரிய சீட்டை மட்டும் கொண்டு செல்ல வேண்டும்.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய எல்லைகள் உண்டு. நம் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் அமைந்தபின், நிரல் எழுதுதல் என்பது இவ்வட்டாரத்தார்க்குப் புதிய சொல் அன்று. கணிப்பொறிக்கு நாம் இடும் ஆணைகளின் கோவையே நிரல். அதனை எழுத உதவும் மொழிகளோ பல. ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம். சில விவரங்களையும், அவற்றைக்கொண்டு செய்யத்தக்க செயல்களையும் ஒருங்கே பொதிந்து வைத்த ஒன்றை அத்துறையினர் ‘பொருள்’ என்பர். ஒரு மொழியில் பிறந்த பொருளை மற்றொரு மொழியில் எடுத்தாள்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

‘பைத்தான்’ என்பது பல துறைகளுக்கும் பயன்படும் மொழி. ‘ஆர்’ என்பது புள்ளியியலார் விரும்பும் மொழி. இவ்விரண்டையும் இணைக்க ‘ரெட்டிகுலேட்’ என்னும் கருவித்தொகுப்பு உள்ளது. எண், சொல் போன்ற எளியவற்றை அது படியெடுத்து, ஆர் மொழியின் உருவில் தந்துவிடுகிறது. அந்தப் படியைத் திருத்தினால் மூலம் மாறாது. சிக்கலான பொருளையோ அது பெயர்ப்பதில்லை. பொருள் பைத்தானிலேயே இருக்க, ஆர் மொழியின் கையில் ஒரு சீட்டு மட்டும் தரப்படுகிறது. சீட்டைக் காட்டி ஏவினால், வேலை அங்கே நடந்து, விடை இங்கே வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வழக்கங்களின் வேற்றுமை. பட்டியலின் முதல் உறுப்பை ஆர் மொழி 1 என்று எண்ணும். பைத்தான் 0 என்று எண்ணும். இதை மறந்தவர் ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெறுவர். இரண்டாவது, பொறுப்பு. எவரும் வேண்டாத பொருளைப் பைத்தான் நினைவகத்தினின்று அகற்றிவிடும். அயல்மொழியின் கையில் சீட்டு இருக்கும்வரை அகற்றலாகாது; சீட்டு தேவையற்றுப் போனபின் வைத்திருத்தலும் ஆகாது. இரு தரப்பும் கணக்கைச் சரியாக வைத்தால்தான் கிடங்கு நிரம்பி வழியாது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நான் பணியாற்றிய காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். எந்தக் கணக்கின் வழியையும் படிப்படியாகத் தமிழில் தெளிவுறச் சொல்வான். கணிப்பொறியின் முன் அமர்த்தியபோதோ, ஆங்கில ஆணைச் சொற்களின் எழுத்துக்கூட்டில் மீண்டும் மீண்டும் இடறி, “எனக்கு இது வராது ஐயா” என்று எழுந்துவிட்டான். பிறகு அந்த அறைப்பக்கமே வரவில்லை. அவனுக்கு வராதது எழுத்துக்கூட்டு, கணக்கன்று. அதை அன்றே அவனிடம் சொல்லாமற்போனது என் குறை.

அத்தகையோர்க்கென முத்தையா அண்ணாமலை ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அதனைப் பற்றிய அவரது கட்டுரை 2009-இல் வெளிவந்தது. அம்மொழியில் ‘பதிப்பி’ என்றால் விடை திரையில் தோன்றும். எழில் எல்லாவற்றையும் தானே புதிதாய்ச் செய்துகொள்ளவில்லை. அது பைத்தானின்மீது எழுப்பப்பெற்றது. பைத்தானில் கோடு வரையும் ‘ஆமை’ என்றொரு பொருள் உண்டு. எழிலில் குழந்தை ‘முன்னாடி’ என்றும் ‘வலது’ என்றும் எழுதினால், அந்தப் பைத்தான் ஆமையே நகர்ந்து சதுரம் வரைகிறது. ஆமை அயலது, ஆணை தமிழ். குழந்தை சிந்தித்ததும் தமிழிலேயே.

பிறர் ஆக்கிய பொருளை எடுத்தாள்வதில் இழுக்கில்லை. ஆயினும், இடைநின்று மொழிபெயர்ப்பவர் பணி ஆணையோடு முடிந்துவிடாது. உள்ளே பிழை நேர்ந்தால், அப்பிழை இன்னதென்பதையும் தமிழிலேயே தெரிவிக்க வேண்டும். ஆணை தமிழிலும் பிழைச்செய்தி ஆங்கிலத்திலும் இருப்பின், என் மாணவன் எழுந்து சென்ற அதே இடத்தில் இன்னொரு மாணவனும் எழுந்து செல்வான். அவனை இருக்கையில் அமர்த்தி வைப்பதே இம்முயற்சியின் பயன்.