சொல்லும் ஓவியமும் பக்கத் திருப்பமும்: குழந்தைப் படநூல் உருவாகும் முறை

தமிழில் 'படக்கதை' என்னும் சொல் பெரும்பாலும் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட சித்திரக் கதையையே குறித்து வந்துள்ளது. ஆங்காங்கே ஓவியம் சேர்க்கப்பட்ட சிறுவர் கதைகளையும் சிலர் அப்பெயரால் வழங்குவர். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் நூல்வகை இவ்விரண்டினின்றும் வேறானது. ஓவியத்தை நீக்கினால் கதை சிதையும். சொல்லை நீக்கினாலும் சிதையும். இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நூலையே இங்குப் படநூல் என்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாலர் பள்ளி நிலையில் தமிழ் கற்பிப்போர் நாள்தோறும் கையாளும் நூல் இது. எனினும், இது எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பது நம் ஆசிரியர் பயிற்சியில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. கதையை முதலில் எழுதி முடித்துப் பின்னர் ஓர் ஓவியரிடம் 'படம் போட'க் கொடுப்பதே படநூலாக்கம் என்னும் எண்ணம் இன்னும் நம்மிடையே வலுவாக உள்ளது. அவ்வெண்ணம் ஏன் பொருந்தாது என்பதைச் சில நூல்களின் பிறப்பைக் கொண்டு காண்போம்.

படநூல் என்பது முதலில் ஒரு பொருள். கையில் பிடிக்கப்படுவது, திருப்பப்படுவது. பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893இல் நோயுற்றிருந்த ஒரு சிறுவனுக்குப் படங்களுடன் எழுதிய கடிதமே பீட்டர் முயலின் கதைக்கு மூலம். பதிப்பகங்கள் அதனை ஏற்க மறுத்தபோது, 1901இல் தம் சொந்தச் செலவில் 250 படிகள் அச்சிட்டார். 1902இல் பிரடெரிக் வார்ன் நிறுவனம் அதனை வண்ணப் படங்களுடன் வெளியிட்டது. சிறு கைக்கு அடங்கும் அளவில் நூல் இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நூலின் அளவு, வடிவம், தாள் ஆகியவை அச்சகத்தாரின் கவலை மட்டுமன்று. படைப்பாளியின் முடிவுகளும் ஆகும் என்பதற்கு இது தக்க சான்று.

முப்பத்திரண்டு பக்கங்கள்

உலகெங்கும் வெளிவரும் படநூல்களுள் பெரும்பாலானவை 32 பக்கங்கள் கொண்டவை. இதற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. பெரிய தாளின் இரு புறமும் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் 8, 16, 32 என்னும் மடங்குகளிலேயே அமைகின்றன. முப்பத்திரண்டைத் தாண்டினால் செலவு கூடும்; வண்ண அச்சில் அச்செலவு சிறிதன்று. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் முதலியவை போக, கதைக்கு எஞ்சுவன 12 முதல் 14 இரட்டைப் பக்கங்களே. வெண்பாவுக்கு நான்கடி எவ்வாறோ அவ்வாறே படநூலுக்கு இவ்வெல்லை எனலாம். அச்சகம் விதித்த கட்டுப்பாடு காலப்போக்கில் ஒரு யாப்பாகவே மாறிவிட்டது.

எனவே தேர்ந்த படநூலாசிரியர் கதையை நேரே எழுதத் தொடங்குவதில்லை. ஒரே தாளில் எல்லாப் பக்கங்களையும் சிறு சிறு கட்டங்களாக வரைந்து, எந்நிகழ்ச்சி எங்கு விழும் என்று பார்க்கிறார். அடுத்து, அச்சுத் தொழிலில் 'டம்மி' எனப்படும் மாதிரி நூலைக் கையாலேயே மடித்துச் செய்கிறார். இதில் கோட்டோவியமும் கைப்பட எழுதிய வரிகளும் இருந்தால் போதும். ஆனால் திருப்பிப் படிக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். பக்கத்தைத் திருப்பும் கணம் படநூலின் உயிர்நிலை. வலப்பக்கத்தின் இறுதி வரி குழந்தையிடம் ஓர் எதிர்பார்ப்பை எழுப்ப வேண்டும். திருப்பியதும் தெரியும் ஓவியம் அதனை நிறைவேற்ற வேண்டும், அல்லது ஏமாற்ற வேண்டும். கணினித் திரையிலோ தட்டச்சுப் படியிலோ இக்கணம் புலப்படுவதில்லை.

அளவே பொருளாகும் ஓவியம்

மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட நூல். 1955இல் அவர் செய்த மாதிரி நூலில் வந்தவை காட்டுக் குதிரைகள். குதிரை வரைவது தமக்குக் கைவரவில்லை என்பதால் அவர் அவற்றைக் கைவிட்டார் என்பது நகைப்புக்குரிய செய்தி போலத் தோன்றினும், படைப்பாக்கம் பற்றி அது கூறுவது மிகுதி. ஓவியரின் கைத்திறனின் எல்லையே கதையின் போக்கை மாற்றியது. குதிரைக்கு மாற்றாக வந்த பூதங்களுக்கு, புரூக்ளினில் தம் சிறுவயது வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களின் முகங்களை அவர் எடுத்துக்கொண்டார். எட்டு ஆண்டுக்கால இடைவெளிக்குப் பின் வந்த நூலில் உள்ள சொற்கள் 338 மட்டுமே.

இந்நூலில் ஓவியத்தின் அளவைக் கவனித்தல் வேண்டும். குறும்பு செய்து அறைக்கு அனுப்பப்படும் சிறுவன் மாக்ஸின் முதற்படம் பெரிய வெள்ளை ஓரங்களுக்கு நடுவே சிறிதாக நிற்கிறது. பக்கந்தோறும் அது சிறிது சிறிதாகப் பெருகுகிறது. அறைக்குள் காடு வளர்ந்து முடியும்போது முழுப்பக்கத்தையும் நிறைக்கிறது. அவன் கடலில் செல்லும்போது எதிர்ப்பக்கத்தினுள்ளும் நுழைகிறது. பூதங்களோடு அவன் கூத்தாடும் இடத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களுக்குச் சொல்லே இல்லை. ஓவியம் சொல்லை முற்றிலும் வெளியேற்றிவிடுகிறது. அவன் வீடு திரும்பும்போது ஓவியம் மீண்டும் சுருங்குகிறது. ஆயினும் இறுதியில் அவன் அறையின் படம் தொடக்கத்தில் இருந்த சிறுமைக்குத் திரும்பாமல் ஒரு முழுப்பக்கமாகவே நிற்கிறது. தொடக்கத்தில் சாளரத்தில் தெரிந்த பிறைநிலவும் இப்போது முழுநிலவு. கடைசிப் பக்கத்தில் ஓவியமே இல்லை. இரவுணவு இன்னும் சூடாக இருந்தது என்னும் செய்தி மட்டும் வெற்றுத்தாளில் நிற்கிறது. சினம் பெருகுவதும் தணிவதும் சொல்லால் கூறப்படவில்லை, பக்க அமைப்பால் காட்டப்படுகின்றன. மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வெகுளிக்குச் சான்று தேடுவாராயின் இந்நூலை அஞ்சாமல் எடுத்துக்காட்டலாம் என்பது என் கருத்து.

சொல்லும் ஓவியமும் ஒன்றையே கூற வேண்டியதில்லை என்பதற்குப் பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோசிஸ் வாக்' (1968) சிறந்த காட்டு. ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலவிவிட்டு வீடு திரும்புகிறது. சொல்லில் உள்ள கதை இவ்வளவே. 32 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். ஆனால் ஒவ்வோர் ஓவியத்திலும் அக்கோழியின் பின்னே ஒரு நரி பாய முயன்று இடறிக்கொண்டே வருகிறது. நரி என்னும் சொல் நூலில் ஓரிடத்திலும் இல்லை. கதைசொல்லிக்குத் தெரியாததைக் குழந்தை கண்டுகொள்கிறது. எழுத்தறியாத குழந்தை எழுத்தறிந்தவரைவிட மிகுதியாக அறிந்திருக்கும் நிலை அது. இதனைத் தமிழில் வாசிக்கும்போது, 'பின்னால் ஒரு நரி வருகிறது பார்' என்று ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் நூல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை வேறு வழியில் பிறந்தது. தாளில் துளையிடும் கருவியால் ஒரு தாள்கற்றையைத் துளைத்தபோது, அது புத்தகப்புழு தின்ற துளை போல அவருக்குத் தோன்றியது. முதலில் கதைமாந்தர் வில்லி என்னும் புழுவே. பதிப்பாசிரியர் ஆன் பெனடூசு கம்பளிப்புழுவைப் பரிந்துரைக்க, வண்ணத்துப்பூச்சியாகும் முடிவு அதனோடு சேர்ந்தே வந்தது. வெவ்வேறு அகலமுள்ள, துளையிட்ட பக்கங்களைக் கட்டுபடியாகும் விலையில் செய்ய அமெரிக்காவில் அச்சகம் கிடைக்காமையால் முதற்பதிப்பு ஜப்பானில் அச்சானது. இங்குக் கதைக்கு வித்து சொல்லுமன்று, ஓவியமுமன்று, ஒரு துளை.

சென்னையில் 1994இல் கீதா வுல்ப் தொடங்கிய தாரா பதிப்பகத்தின் நூல்கள், ஓவியம் முந்திச் சொல் பிந்தும் முறைக்குச் சான்றாகின்றன. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம், இலண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் ஓவியம் தீட்டச் சென்று திரும்பியபின் தாம் கண்டவற்றை வரைந்தார். பாதாள இரயில் மண்ணுக்கடியில் செல்லும் மண்புழுவாயிற்று. நேரம் அறிவிக்கும் பிக் பென் கோபுரம் சேவலோடு இணைந்தது. அவர் வாய்மொழியாகக் கூறியவற்றைக் கேட்டுப் பதிப்பாசிரியர்கள் உரையை அமைத்தனர். 'த லண்டன் ஜங்கிள் புக்' 2004இல் இவ்வாறே உருவாயிற்று.

தமிழ் வாக்கியமும் பக்கத் திருப்பமும்

இதுகாறும் கூறியவற்றுள் பெரும்பகுதி பிறமொழி நூல்களைப் பற்றியது. தமிழில் படநூல் ஆக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் தனித்தன்மை உடையவை. அவற்றுள் முதன்மையானது தொடரமைப்பு. ஆங்கிலத்தில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும். 'சிறுவன் கதவைத் திறந்து பார்த்தான்' என்பது வரை ஒரு பக்கத்தில் நிறுத்தி, எதைப் பார்த்தான் என்பதை அடுத்த பக்கத்துக்கு ஒதுக்கலாம். தமிழ்த் தொடரோ வினையில் முடிவது. 'சிறுவன் ஒரு யானையைக் கண்டான்' என்பதில் யானை முன்னரே வெளிப்பட்டுவிடுகிறது. திருப்பியபின் எஞ்சுவது 'கண்டான்' மட்டுமே. மொழிபெயர்ப்புப் படநூல்கள் பலவற்றில் வியப்பு மங்கிப்போவதற்கு இதுவே காரணம்.

தீர்வு தமிழிலேயே உள்ளது. 'அவன் அங்கே கண்டது' என்று ஒரு பக்கத்தை நிறுத்தி, 'ஒரு யானையை!' என்று அடுத்த பக்கத்தைத் தொடங்கலாம். 'உள்ளே நின்றது யார்?' என வினாவாக்கலாம். பேச்சுவழக்கில் பாட்டிமார் கதை சொல்லும்போது எழுவாயையும் செயப்படுபொருளையும் வினைக்குப் பின்னே தள்ளிச் சொல்வது இயல்பு; 'வந்துச்சு பாரு, ஒரு யானை!' என்பதில் பக்கத் திருப்பம் தானே அமைந்துகிடக்கிறது.

அடுத்தது திணையும் பாலும். தமிழ் வினைமுற்று மாந்தரின் திணையைக் காட்டாமல் நிற்பதில்லை. அக்கோழி 'போனது' என்றால் அது விலங்கு. 'போனாள்' என்றால் நம்மில் ஒருத்தி. உவப்பு முதலிய காரணங்களால் திணை மயங்குவதை நன்னூலார் ஏற்கிறார். எனவே இங்கு இலக்கணத் தடை இல்லை. ஆனால் முடிவு எடுத்தே ஆக வேண்டும். அம்முடிவு ஓவியரையும் கட்டுப்படுத்தும். 'போனாள்' என்று எழுதியபின் வெறுங்கோழியை வரைந்தாலும் குழந்தை அவளை ஒரு பெண்ணாகவே காணும்.

சொல் நீட்சியும் கருதத்தக்கது. 'ஓடிக்கொண்டிருந்தது' என்பது ஒரே சொல், பத்து எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒரு மலை. 'ஓடியது' என்றால் போதுமான இடங்களில் ஓடிக்கொண்டிருப்பதை ஓவியமே காட்டிவிடும். சலசல, படபட போன்ற இரட்டைக்கிளவிகள் மாறாகப் படிக்க எளியவை, ஒலிநயம் உடையவை, ஓவியரின் கைக்கும் இயக்கம் தருபவை. இவ்வளத்தை நம் படநூல்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

எவ்வழக்கில் எழுதுவது என்பது கடினமான வினா. சிங்கப்பூரில் 2005இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, அங்குள்ள ஐந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியருள் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தை எழுத்துவழக்கு மட்டுமே உள்ள நூலைக் கேட்டால், அதில் வரும் தாயும் மகனும் ஒருவரோடொருவர் அறிக்கை வாசிப்பதாகவே உணரும். பேச்சுவழக்கு மட்டும் இருந்தால் படிக்கக் கற்பதற்கு அந்நூல் உதவாது. எடுத்துரைப்பு எளிய எழுத்துவழக்கிலும் மாந்தர் கூற்றுப் பேச்சுவழக்கிலும் அமைவதே பொருத்தம் என்று கருதுகிறேன். நாவலில் நாம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட முறையே இது. குழந்தைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இறுதியாக, அச்சு பற்றி ஒன்று கூற வேண்டும். வண்ண அச்சு நீலம், செவ்வூதா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் ஆவது. பன்மொழிப் பதிப்புகளில் எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் அமைப்பர். மொழி மாறும்போது கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். சிறிய வாசகர் வட்டம் கொண்ட நம் நாடுகளில் இவ்வழியே வண்ணநூல்கள் தமிழில் வர இயல்கிறது, அந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் வேற்றுமொழியின் வரி நீளத்துக்கென ஒதுக்கிய இடத்தில் தமிழ் வரிகள் நெருக்குண்டு எழுத்துச் சிறுக்கிறது. ஓவியத்தினுள் வண்ணத்தில் தீட்டிய கடைப்பலகையும் பெயர்ப்பலகையும் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுகின்றன. தமிழிலேயே தொடங்கும் நூலில் மட்டுமே இவ்விடங்கள் தமிழுக்கு உரியவையாகும்.

ஆசிரியர் பயிற்சியில் இதனைச் செய்து பார்ப்பது எளிது. எட்டு ஏ4 தாள்களை நடுவே மடித்துத் தைத்தால் 32 பக்க மாதிரி நூல் கிடைக்கும். பயிற்சி ஆசிரியர் அதில் கோட்டோவியமும் வரிகளும் இட்டு, ஒரு குழந்தைக்கு உரக்க வாசிக்கட்டும். குழந்தை தானே பக்கத்தைத் திருப்பக் கை நீட்டும் இடங்களையும், கவனம் சிதறும் இடங்களையும் பென்சிலால் குறித்து வரட்டும். அடுத்த மாதிரி நூலை அக்குறிப்புகளைக் கொண்டு தொடங்கலாம்.